பூச்சி அவதானிப்பு வட்டம், கொழும்பு: செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர், நிர்வாக சபையினர், அங்கத்தவர்கள் அனைவருக்கும் வணக்கம்.

மாதாந்தக் கூட்டங்கள் வழமைபோல வெள்ளவத்தையில் நடந்தன. கணக்கறிக்கையைப் பொருளாளர் வாசிப்பார். சந்தா நிலுவை உள்ளவர்கள் அதற்கு முன்னரே அவரைப் பார்த்துவிடுவது நல்லது.

2018இல் கொழும்புக்கு ராம்சார் எனப்படும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் ஈரநில நகரம் என்ற அங்கீகாரம் கிடைத்ததைப் பெருமையாகச் சொல்கிறோம். ஆனால் அந்த ஈரநிலப் புல்லில் துள்ளுவது எது என்று கேட்டால் திணறுகிறோம். அதனால் இவ்வாண்டு வெட்டுக்கிளிகளை மட்டுமே எடுத்துக்கொண்டோம். தலங்கமவிலும் பெத்தகானவிலும் அங்கத்தவர்கள் எடுத்த படங்களை வைத்தே பாகுபடுத்திப் பார்த்தோம்.

முதற்படி சுலபம். உணர்கொம்பு குட்டை என்றால் வெட்டுக்கிளி. நூல்போல நீண்டிருந்தால் சுவர்க்கோழியின் பக்கம். வெட்டுக்கிளியின் செவிப்பறை வயிற்றின் முதல் வளையத்தில் இருக்கிறது, சுவர்க்கோழிக்கோ முன்காலில். சிறுவர் அங்கத்தவர்கள் அதிகம் ரசித்தது இதைத்தான்.

அதற்குப் பிறகுதான் சிக்கல். 2020இல் மாவத்தகமவில் மஞ்சள் புள்ளி வெட்டுக்கிளிகள் பெருகியபோது, இந்தியாவைத் தாக்கிய பாலைவன வெட்டுக்கிளி இங்கும் வந்துவிட்டது என்று பலர் பயந்தது நினைவிருக்கும். வந்தது ஔலார்க்கஸ் மிலியாரிஸ், இங்கேயே இருக்கும் இனம். தொட்டால் நாற்றமடிக்கும் நுரையைக் கக்கும், ஆகவே தொடாதீர்கள். பாலைவன வெட்டுக்கிளி அக்ரிடிடே குடும்பம், இது பைர்கோமோர்ஃபிடே. தலையின் நுனியில் ஓடும் சிறு பள்ளக்கோடுதான் இரண்டாவது குடும்பத்தின் அடையாளம்.

நிறத்தை நம்பிப் பெயர் வைக்க வேண்டாம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லிவந்தேன். தனி இனங்கள் என்று கருதப்பட்ட இரண்டு வெட்டுக்கிளிகள் ஒரே இனத்தின் இரு நிலைகள் என்று பூச்சியியலாளர் ஊவாரோவ் 1921இல் காட்டினார். தனியே வாழும்போது ஒரு தோற்றம். நெருக்கமாகக் கூடினால் நிறமும் முதுகுக் கவசத்தின் வடிவமும் மாறிவிடும்.

நெல்வயலிலும் சதுப்புப் புல்லிலும் இருக்கும் ஒக்சியா என்ற சாதியில், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுப்பில், இதற்கு நேர்மாறு. பல இனங்கள், எல்லாம் பச்சை, எல்லாவற்றுக்கும் கண்ணிலிருந்து பின்னோக்கி ஓடும் கபில நிறக் கோடு. ஆணின் வயிற்று முனையிலுள்ள சிறு உறுப்புகளையும் பெண்ணின் வயிற்று முனையின் அடியிலுள்ள தகட்டையும் பார்க்காமல் இனம் சொல்ல முடியாது. எமது படங்களோ பெரும்பாலும் முதுகுப் படங்கள். ஆகவே பதிவேட்டில் ‘ஒக்சியா’ என்று மட்டும் எழுதினேன். சிலருக்கு மனவருத்தம்தான், ஆனால் அதை மாற்றப்போவதில்லை.

“சரி, டீ.என்.ஏ. பார்த்தால் முடிந்ததே” என்று ஓர் அங்கத்தவர் கேட்டார். நல்ல கேள்வி. 2003இல் முன்மொழியப்பட்ட முறையில், உயிரணுவுக்குச் சக்தி தரும் இழைமணி என்ற உறுப்பிலுள்ள ஒரு மரபணுவின் ஏறத்தாழ 650 எழுத்துகளை (டீ.என்.ஏ.யின் அடிப்படை அலகுகளை) வாசித்து இனங்களை ஒப்பிடுகிறார்கள். ஆனால் வெட்டுக்கிளிகளில் அந்த மரபணுவின் பழைய பிரதிகள் உயிரணுவின் கருவுக்குள்ளும் புகுந்து கிடக்கின்றன. தவறுதலாக அந்தப் பிரதியை வாசித்தால், ஓர் இனம் பல இனங்களாகத் தெரியும். 2008இல் வெளியான ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது. இடம்பெயரும் வெட்டுக்கிளியின் மரபணுத் தொகுதி ஏறத்தாழ 650 கோடி எழுத்துகள், மனிதனுடையதைப் போல இரண்டு மடங்கு. அவ்வளவு பெரிய தொகுதியில் பழையவை ஒளிந்திருக்க இடத்துக்கா பஞ்சம்! மறுபக்கம், ஐரோப்பாவின் கோர்த்திப்பஸ் சாதியில் பாட்டால் (அவை எழுப்பும் ஒலியால்) தெளிவாகப் பிரியும் சில இனங்களை இந்த 650 எழுத்துகள் பிரித்துக் காட்டுவதில்லை. உடலமைப்பு, மரபணு, பாட்டு என்று எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்தால்தான் துணிந்து பெயர் சொல்லலாம்.

வரும் ஆண்டுக்கு இரண்டு யோசனைகளைச் சபையின் முன் வைக்கிறேன். ஒவ்வொரு பதிவுக்கும் பக்கவாட்டு, முகம், வயிற்றுப்புறம் என மூன்று படங்கள் வேண்டும். முன்கால்களுக்கு நடுவே முளை இருக்கிறதா என்பது கீழிருந்து பார்த்தால்தான் தெரியும், உபகுடும்பத்தைப் பிரிக்க அது உதவும். அப்புறம், பத்து மடங்கு உருப்பெருக்கும் கைவில்லைகள் சில வாங்கப் பொருளாளர் அனுமதிக்க வேண்டும். உரிய அனுமதி இல்லாமல் யாரும் மாதிரி சேகரிக்கக் கூடாது என்ற தீர்மானம் தொடர்ந்தும் நடைமுறையில் இருக்கும்.