ரியாக்டிவ் பிரிண்டிங் கழிவுநீரில் யூரியா நைட்ரஜனை அளக்கக் கோரும் மனு

அனுப்புநர்: ரியாக்டிவ் பிரிண்டிங் தொழில்நுட்பப் பணியாளர்கள்
பெறுநர்: உயர்திரு சுற்றுச்சூழல் பொறியாளர் அவர்கள், மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்

பொருள்: பிரிண்டிங் ஆலைக் கழிவுநீரில் மொத்த கெல்டால் நைட்ரஜன் சோதனையை (அம்மோனியாவையும் யூரியா போன்ற கரிம நைட்ரஜனையும் சேர்த்து அளப்பது) கட்டாயமாக்குதல், யூரியா பயன்பாட்டைக் குறைத்தல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

இழையோடு வேதிப்பிணைப்பு கொள்ளும் ரியாக்டிவ் சாயத்தால் துணியில் அச்சிடுவதே ரியாக்டிவ் பிரிண்டிங். அதற்கான பேஸ்ட்டில் (சாயக்கூழில்) கிலோவுக்கு 100 முதல் 200 கிராம் வரை யூரியா போடுகிறார்கள். சாயம் நன்றாகக் கரையவும், நீராவியால் சாயத்தைப் பிடிக்க வைக்கும் ஸ்டீமருக்குள் ஈரம் நின்று இழை உப்பவும் அது தேவைப்படுகிறது. ஆனால் யூரியா துணியில் ஒட்டுவதில்லை; பெரும்பகுதி வாஷிங் தண்ணீரோடு போய்விடுகிறது. கிலோவுக்கு 150 கிராம் என்றால் 100 கிலோ பேஸ்ட்டில் 15 கிலோ யூரியா. அதில் நைட்ரஜன் மட்டும் சுமார் 7 கிலோ. தண்ணீரில் பாக்டீரியாவால் இது முழுவதும் நைட்ரேட்டாக மாற ஏறத்தாழ 32 கிலோ ஆக்சிஜன் செலவாகும்.

இந்த நைட்ரஜன் வழக்கமான சோதனையில் சிக்குவதில்லை. சிஓடி (வேதி ஆக்சிஜன் தேவை) சோதனையில் யூரியா தெரியாது. வாஷிங் தொட்டியிலிருந்து அப்போதே எடுத்த மாதிரியில் அம்மோனியாவும் குறைவாகவே இருக்கும். பாக்டீரியா யூரியாவை உடைத்த பிறகுதான் அது ஏறும். அறிக்கை சுத்தமாக இருக்க, கழிவுநீர்த் தொட்டியில் மூக்கை எரிக்கும் நெடி அடிப்பது இதனால்தான். ஆகவே வாஷிங் பிரிவின் வெளியேற்றத்தில் 24 மணி நேரக் கூட்டு மாதிரி (இடைவெளி விட்டு எடுத்து ஒன்றாகச் சேர்த்த மாதிரி) எடுத்து, யூரியாவையும் சேர்த்துக் காட்டும் கெல்டால் சோதனை செய்ய உத்தரவிட வேண்டுகிறோம்.

யூரியாவைக் குறைக்க வழி உண்டு. அச்சிட்டு உலர்ந்த துணி ஸ்டீமருக்குள் நுழையுமுன், பருத்திக்கு அதன் எடையில் சுமார் 10 சதவீதமும் விஸ்கோஸுக்குச் சுமார் 20 சதவீதமும் ஈரத்தை நுரையாகவோ நுண்துளியாகவோ ஏற்றலாம். இதில் கவனம் தேவை: ஒரு நாசில் அடைத்தால் துணியின் நீளம் முழுக்க வெளிறிய கோடு விழும், ஈரம் மிஞ்சினால் டிசைன் விளிம்பில் சாயம் கசியும். டர்க்காய்ஸ் (பச்சை கலந்த நீலம்) சாயத்தின் மூலக்கூறு பெரியது, யூரியா குறைந்தால் முதலில் வெளிறுவது அதுதான். எனவே ஒரே நாளில் தடை விதிக்காமல், சாயவாரியாகச் சோதித்து, கிலோ பேஸ்ட்டுக்கு 25 கிராம் வீதம் படிப்படியாகக் குறைக்க ஆலைகளுக்கு அவகாசம் தர வேண்டும். ஒவ்வொரு ரெசிபியின் யூரியா அளவையும் பதிவேட்டில் எழுதவும் சொல்ல வேண்டும்.

அச்சு ஸ்கிரீனிலும், பேஸ்ட்டைத் தள்ளும் ஸ்க்வீஜியிலும், டிரம்மிலும் மிஞ்சும் பேஸ்ட்டையும் தண்ணீர் அடித்துச் சாக்கடையில் விடக் கூடாது. முதலில் வழித்தெடுத்து, ரெசிபி எண் எழுதிக் பேஸ்ட் கலக்கும் கலர் கிச்சனுக்குத் திருப்பினால் அடர்நிறங்களில் கலந்துவிடலாம்.

இக்கோரிக்கைகளைப் பரிசீலித்து ஆவன செய்யுமாறு கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
ரியாக்டிவ் பிரிண்டிங் தொழில்நுட்பப் பணியாளர்கள்