மகாவலி அதிகார சபைக்குச் சென்னையிலிருந்து ஒரு திறந்த மடல்

இலங்கை மகாவலி அதிகார சபையினருக்கு,

வணக்கம். முல்லைத்தீவை ஒட்டிய மணலாறு பகுதியை, இன்று நீங்கள் வெலி ஓயா என்று அழைக்கும் பகுதியை, 1988இல் மகாவலி ஆற்று நீர்ப்பாசனத் திட்டத்தின் 'எல்' வலயமாக அறிவித்து உங்கள் பொறுப்பில் ஒப்படைத்தார்கள். அன்று முதல் இன்று வரை அங்கே எந்த வாய்க்காலிலும் மகாவலித் தண்ணீர் பாயவில்லை. யாருக்குக் காணி, யாருக்கு இல்லை என்று தீர்மானிக்கும் அதிகாரம் மட்டும் போய்ச் சேர்ந்துவிட்டது. தண்ணீர் வராத நிலத்தில் நீர்ப்பாசன சபைக்கு என்ன உரிமை என்று கேட்கவே எழுதுகிறேன்.

அணைகளுக்கு நான் எதிரி அல்ல. கண்டலேறிலிருந்து பூண்டிக்கு வரும் கிருஷ்ணா நீரைக் குடிக்கும் ஊர்க்காரன் அப்படிப் பேச முடியாது. விக்டோரியா, கொத்மலை, ரந்தெனிகல அணைகளின் பயனையும், நிலமற்ற ஒரு குடும்பத்துக்கு இரண்டரை ஏக்கர் வயலும் அரை ஏக்கர் வீட்டுக்காணியும் கிடைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் அறிவேன். என் வழக்கெல்லாம், யாருடைய நிலத்தில் யாரைக் குடியேற்றினார்கள் என்பதைப் பற்றியது: தமிழர் வாழ்ந்த நிலத்தில் சிங்களக் குடும்பங்களை அரசு குடியேற்றியது.

இத்தகைய குடியேற்றம் விளைவு தெரியாமல் நடந்தது என்று சொல்ல வழியே இல்லை. கிழக்கில் 1949இல் தொடங்கிய கல்லோயா நீர்ப்பாசனத் திட்டத்தின் குடியேற்றப் பகுதியில்தான் 1956 ஜூனில் தமிழர்கள் தாக்கப்பட்டுக் கொல்லப்பட்டார்கள். மறு ஆண்டே பிரதமர் பண்டாரநாயக்கவும் தமிழர் தலைவர் செல்வநாயகமும் செய்த ஒப்பந்தத்தில் குடியேற்றம் ஒரு முக்கியப் பொருளாக இருந்தது. 1958இல் அந்த ஒப்பந்தம் கைவிடப்பட்டது. 1965இல் ஐக்கிய தேசியக் கட்சித் தலைவர் டட்லி சேனநாயக்க செல்வநாயகத்தோடு மறுபடியும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார். வடக்கிலும் கிழக்கிலும் காணி கொடுக்கும்போது அந்தந்த மாவட்டத்து நிலமற்றவர்களுக்கே முதலிடம் என்று அதில் எழுதியிருந்தது. அதுவும் காகிதத்தோடு நின்றது.

மணலாற்றுக்கு வருகிறேன். கென்ட், டொலர் பண்ணைகளில் தஞ்சம் புகுந்திருந்த மலையகத் தமிழர்களை 1984இல் விரட்டிவிட்டு, சிங்களச் சிறைக் கைதிகளையும் அவர்கள் குடும்பங்களையும் அங்கே குடியமர்த்தினார்கள். அந்த ஆண்டு நவம்பர் 30 அன்று விடுதலைப் புலிகள் அவர்களில் பலரைக் கொன்றார்கள். அது கொலைதான், அதற்கு எந்தச் சமாதானமும் சொல்லமாட்டேன். ஆனால் அந்த ஏழைகளைக் கொண்டுபோய் எல்லைச் சுவராக நிறுத்திய அரசுக்கும் அதில் பங்கு உண்டு. டிசம்பரில் கொக்கிளாய், கொக்குத்தொடுவாய், கருநாட்டுக்கேணி, தென்னமரவடி ஆகிய தமிழ் ஊர்களின் மக்களை இராணுவத்தினர் ஊரைவிட்டு வெளியேற்றினார்கள். மானாவாரி வயல், சிறு குளங்கள், களப்பு (கடற்கழி) மீன்பிடி என்று வாழ்ந்தவர்கள் அவர்கள்.

அந்த மக்களில் சிலர் கடல் கடந்து இங்கே வந்தார்கள். சென்னைப் புழல் முகாமில் ஒரு மூதாட்டி தம் தந்தையின் காணி அனுமதிப் பத்திரத்தைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சேலைகளுக்கு அடியில் வைத்திருக்கிறார். மடிப்பெல்லாம் கிழிந்து, ஒட்டுநாடா பழுப்பேறிவிட்டது. ஏக்கர் கணக்கு எழுதிய இடத்தில் மை மங்கி, உற்றுப் பார்த்தால்தான் தெரிகிறது. "பிறகு கொடுத்த பெர்மிட் செல்லுமென்றால், முதல் கொடுத்தது ஏன் தம்பி செல்லாது?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்க வேண்டும்.

போர் முடிந்து ஊர் திரும்பியவர்கள் தங்கள் வயல்களில் வேறு பெயருக்கு அனுமதிப் பத்திரம் இருப்பதைக் கண்டார்கள். 2018 ஆகஸ்டில் முல்லைத்தீவில் திரண்டு போராடவும் செய்தார்கள். நாற்பது ஆண்டுகளாக அங்கே உழுது வாழும் சிங்களக் குடும்பங்களை இரவோடு இரவாகத் துரத்தச் சொல்லவில்லை. அவர்களுக்கு மாற்று நிலம் தருவது உங்கள் கடமை.

முதலில், 'எல்' வலயத்தில் 1984க்கு முன் யார் யாருக்குக் காணி இருந்தது என்ற பதிவேட்டைத் தமிழிலும் சிங்களத்திலும் வெளியிடுங்கள். அந்தக் கணக்குத் தீரும்வரை புதிதாக ஒரு துண்டு நிலமும் கொடுக்காதீர்கள். பத்திரம் தொலைந்தவர்களுக்கு ஊரார் சாட்சியம் போதும் என்று அறிவியுங்கள். மகனுக்குப் பிறகே மகள் என்றிருந்த 1935ஆம் ஆண்டுக் காணிச் சட்டத்தின் வாரிசு வரிசை 2022இல்தான் திருத்தப்பட்டது; அந்தத் திருத்தத்தின் பயன் முகாம்களில் இருக்கும் மகள்களுக்கும் கிடைக்க வேண்டும். கோரிக்கைப் படிவங்களைச் சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்திலேயே தமிழில் கொடுத்து, அங்கேயே பெற்றுக்கொள்ள ஏற்பாடு செய்யுங்கள். கொழும்புக்கு அலைய அந்த மூதாட்டிக்குக் காலில் வலுவில்லை.

இப்படிக்கு,
சென்னைவாசி ஒருவன்