மூன்றாம் மாதம் தழும்பு சிவக்கும், பயப்படாதே

கிளிநொச்சி,
பங்குனி மாதம்.

அன்புள்ள மகளுக்கு,

தொங்கின வயிற்றுத் தோலை வெட்டி இறுக்கின ஒப்பரேஷனுக்குப் பிறகு நீ அனுப்பின படத்தைப் பெருப்பித்துப் பார்த்தேன். இடுப்பின் ஒரு கரையிலிருந்து மற்றக் கரை வரை தையல் ஒரே கோடாகப் பிடித்திருக்கிறது. தொப்புளைச் சுற்றின தையலும் சுத்தம். நடுவில் மட்டும் மிளகளவு கறுப்புப் பொருக்கு ஒன்று தெரிகிறது. அதை நகத்தால் கிளப்பாதே. வயிற்றுத் தோலை மேலிருந்து இழுத்துக் கீழே தைக்கும்போது இழுவை கூடின இடமும், இரத்தம் குறைவாக வந்து சேருகிற இடமும் அந்த நடுப்பகுதிதான். பொருக்கு தானாக விழட்டும். அது பெருத்தால், ஓரம் ஈரமானால், மணத்தால் அன்றைக்கே உன்னுடைய டொக்டரிடம் காட்டு.

"மூன்று கிழமையாச்சு, புண் ஆறிட்டுது, இனி என்ன" என்று கேட்டிருந்தாய். ஆறினது மேல்தோல், பிள்ளை. உள்ளே இப்போதுதான் வேலை நடக்கிறது. இந்த நேரத்தில் அந்தக் கோட்டுக்குப் பழைய தோலின் பலத்தில் கால்வாசி இருந்தாலே பெரிய விஷயம். மூன்று மாதம் போனால் எண்பது வீதமளவு வரும், முழுப் பலம் ஒருநாளும் திரும்பாது. பலமில்லாத கோட்டை இழுத்தால் உடம்பு அந்த இடத்தில் இன்னும் இன்னும் நார்த்திசுவைப் போட்டு அடைக்கும். தழும்பு அகலுவதும் தடிப்பதும் அதனால்தான். எந்தக் கிறீமையும்விட இழுவையைக் குறைப்பதுதான் முக்கியம்.

இனி நிமிர்ந்து நடக்கலாம். ஆனால் பின்பக்கம் வளையாதே, உயரத் தட்டில் எட்டிச் சாமான் எடுக்காதே. ஆறு கிழமை வரை ஐந்து கிலோவுக்கு மேல் தூக்கக்கூடாது. பேரன் "தூக்கு" என்று அழுதால் நீ கதிரையில் இருந்துகொள், அவன் தானாக மடியில் ஏறட்டும். படுக்கையால் எழும்பும்போது பக்கவாட்டில் திரும்பி, கையை ஊன்றி எழும்பு. இருமல், தும்மல் வந்தால் தலையணையை வயிற்றோடு அணைத்துப் பிடி. மலச்சிக்கல் வரவிடாதே, முக்குகிற ஒவ்வொரு முறையும் தையல்தான் இழுபடும். உள்ளே தசையையும் சேர்த்துத் தைத்திருக்கிறார்கள் என்பதை மறக்காதே. வயிற்றுக்கான உடற்பயிற்சியை டொக்டர் சொல்லும் வரை தொடாதே.

பொருக்கெல்லாம் விழுந்து, கசிவு ஒன்றும் இல்லையென்றால் தழும்பைத் தட்டையாக்கப் போடுகிற சிலிக்கோன் தொடங்கலாம். அதுவரை மைக்ரோபோர் கடதாசி ரேப்பைக் கோட்டின் மேலேயே நீளவாக்கில் ஒட்டிவிடு. குளித்தாலும் கழற்றாமல் ஒற்றி உலர்த்து. ஐந்து ஆறு நாளில் ஓரம் கழன்ற பிறகு புதிதாக ஒட்டு. தினமும் உரித்து உரித்து ஒட்டினால் தோல்தான் புண்ணாகும்.

சிலிக்கோன் தாள், ஜெல் இரண்டில் எதுவும் வேலை செய்யும், ஆனால் விடாமல் போட்டால்தான். தாள் என்றால் ஒரு நாளில் குறைந்தது 12 மணித்தியாலம், முடிந்தால் குளிக்கிற நேரம் தவிர முழுநாளும். முதல் நாள் நாலு மணித்தியாலத்தில் தொடங்கி மெல்லமெல்லக் கூட்டு. தாளை ஒவ்வொரு நாளும் மென்மையான சவர்க்காரத்தில் கழுவி, காற்றில் உலரவிட்டுத் திரும்பப் போடலாம், ஒட்டுகிற தன்மை போகும் வரை பாவிக்கலாம். ஜெல் என்றால் காலையும் இரவும் மெல்லிய படலமாகப் பூசி, ஐந்து நிமிடம் உலரவிட்டுப் பிறகு உடுப்புப் போடு. தடிப்பாகப் பூசினால் உலராது, உடுப்பில்தான் போகும். இரண்டும் குறைந்தது மூன்று மாதம் வேண்டும்.

இங்கே வரும்போது தாள் உனக்குச் சரிவராது. வைகாசி வெயிலில் வேர்த்து வழுகி விழும், அதற்குக் கீழே வேர்க்குரு போடும். பகலில் ஜெல், இரவில் தாள் என்று வைத்துக்கொள். வயிற்றைச் சுற்றிப் போடுகிற இறுக்கப் பட்டியும் இரண்டு வேண்டும், ஒன்றைத் தோய்த்துக் காயவிட்டு மற்றதைப் போடலாம். ஈரப்பட்டியோடு இருந்தால் மடிப்பில் பங்கஸ் பிடிக்கும்.

மசாஜ் ஆறாம் கிழமைக்குப் பிறகு, டொக்டர் சரியென்றால் மட்டும். இரண்டு விரல் நுனியால் தழும்பின் மேல் அழுத்து, நிறம் வெளிறுகிற அளவுக்கு. பிறகு விரலைத் தோலில் தேய்க்காமல், தோலைத்தான் விரலோடு சேர்த்து அசை: வட்டமாக, மேலும் கீழுமாக, கோட்டின் நீளத்துக்கு. ஒரு தடவைக்கு ஐந்து நிமிடம், ஒரு நாளில் இரண்டு மூன்று தடவை. கை வழுக்க ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் காணும். விற்றமின் ஈ எண்ணெய் வேண்டாம். தழும்பு குறைகிறதென்று காட்டமுடியவில்லை, பலருக்குச் சொறிதான் வருகிறது. மஞ்சள், சந்தனம், வெள்ளையாக்கும் கிறீம் ஒன்றும் கிட்டப் போகக்கூடாது.

மாமி நொச்சியிலை அவித்து ஒத்தடம் பிடிக்கத்தான் நிற்பா. தயவுசெய்து விடாதே. கீழ்வயிற்றில் உனக்கு உணர்ச்சி இன்னும் வரவில்லை, சில மாதம் செல்லும். சூடு தெரியாமல் தோல் வெந்து கொப்பளிக்கும், அந்தத் தழும்பு தையல் தழும்பைவிடக் கேவலமாக இருக்கும். அவவின் அடுத்த பேச்சு கிரந்திச் சாமான், புண்ணைக் கிளப்பும் என்று ஒதுக்கிற சாப்பாடு. முட்டையும் மீனும் இறாலும் உனக்கு இதுவரை ஒவ்வாமை தரவில்லையென்றால் சாப்பிடு. புரதம் இல்லாமல் எந்தப் புண்ணும் ஆறாது. பயறும் முருங்கையிலையும் இங்கே தாராளம்.

மூன்றாம் மாதம்தான் தழும்பு ஆகக் கேவலமாகத் தெரியும். சிவந்து, எங்கள் நிறத்துக்கு ஊதா, கபிலமாகவும் வரும், தொட்டால் கயிறு மாதிரித் திரண்டு நிற்கும், கடிக்கும். நீ வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்து நிற்கிற நேரம் அதுதான். பழுதாய்ப் போய்விட்டது என்று நினைத்து இன்னொரு ஒப்பரேஷனுக்கு ஓடாதே. பன்னிரண்டு முதல் பதினெட்டு மாதத்தில் தட்டையாகி வெளிறும். இரண்டு நுனியிலும் சதை மேடு நின்றால் அதையும் ஒரு வருடம் பார்த்துவிட்டுத்தான் வெட்டுவது. இடையில் கொப்பளம் மாதிரி வந்து நூல் நுனி தெரிந்தால், உள்ளே போட்ட தையலை உடம்பு வெளியே தள்ளுகிறது என்று அர்த்தம். இழுக்காமல் டொக்டரிடம் காட்டு.

ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார். தடித்த தழும்பு வெட்டின கோட்டுக்குள் நிற்கும். கீலோயிட் என்றால் கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் வளரும், குறையாது. உன்னுடைய காது குத்தின இடத்தையும், இடது தோளில் பிசிஜி தடுப்பூசி போட்ட இடத்தையும் கண்ணாடியில் பார். அங்கே உருண்டையாகத் திரண்டிருந்தால் டொக்டரிடம் முன்கூட்டியே சொல். கீலோயிட்டுக்கு நாலு முதல் ஆறு கிழமைக்கு ஒருமுறை அதற்குள்ளேயே ஸ்டீரொயிட் ஊசி போடுவார்கள். வெறுமனே வெட்டி எடுத்தால் பெரும்பாலும் திரும்ப வரும், சிலவேளை முந்தினதைவிடப் பெரிதாகவும் வரும்.

வெயில் தழும்பைக் கறுப்பாக்கும், ஒரு வருடத்துக்கு அது உன் எதிரி. மெல்லிய சீத்தைத் துணி போதாது. உள்ளே ஒரு பருத்தித் துணி போடு, வெளியே தெரிகிற இடமென்றால் எஸ்பிஎப் 30க்குக் குறையாத வெயில் தடுப்புக் கிறீம். கோயில் வீதியில் விழுந்து விழுந்து கும்பிட்டு அடியழிக்கிற நேர்த்தியை அடுத்த வருடத்துக்கு வை, அம்மாள் கோவிக்கமாட்டா. கிணற்றில் வாளி இழுப்பதும் வேண்டாம், பத்து லீற்றர் வாளி பத்துக் கிலோ. ஏதாவது ஒரு இடம் இன்னும் திறந்திருந்தால் இரணைமடுக்குளத்திலோ கடலிலோ இறங்கவே கூடாது. வயல் சேற்றிலும் குளத்துத் தண்ணீரிலும் மெலியோய்டோசிஸ் என்ற கடும் தொற்றைத் தருகிற கிருமி இருக்கலாம், அது புண்வழியாக உள்ளே போகும்.

காய்ச்சல் 38 பாகைக்கு மேல், சிவப்பு பரவுவது, சீழ், வயிற்றில் தண்ணி குலுங்குகிற வீக்கம், இவை வந்தால் அன்றைக்கே காட்டு. கெண்டைக்காலில் ஒரு பக்கம் நோவோ வீக்கமோ வந்தால், அல்லது மூச்சு முட்டினால், ஒரு நிமிடமும் பொறுக்காமல் ஆசுப்பத்திரி. விமானத்துக்கு டொக்டரின் அனுமதி வாங்கிய பிறகே ரிக்கற் போடு. மருமகன் சிகரெட்டை வெளியில் வைத்துக்கொள்ளட்டும், உனக்குப் பக்கத்தில் அந்தப் புகை வேண்டாம்.

இனிப் படம் மாதத்துக்கு ஒன்று காணும். ஜன்னல் வெளிச்சத்தில், தழும்புக்குப் பக்கத்தில் அடிமட்டத்தை வைத்து எடு. லைற் போட்டு எடுத்தால் நிறம் பொய் சொல்லும்.

அன்புடன்,
அம்மா