அரெனாடோவுக்கும் கூப்பர்ஸ்டவுனில் இடம் உண்டு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இன்று ஆடும் மூன்றாம் பேஸ் ஆட்டக்காரர்களில் யார் யார் ஹால் ஆஃப் ஃபேமுக்கு (பேஸ்பாலின் மிகச் சிறந்தவர்களைத் தேர்ந்தெடுத்துக் கௌரவிக்கும் இடம்) போவார்கள் என்று சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தமிழில் பேஸ்பால் பற்றி இவ்வளவு விரிவாக எழுதுபவர்கள் குறைவு, அதற்கு முதலில் நன்றி. ஆனால் ஹோசே ரமிரெஸ் ஒருவரைத் தவிர மற்ற எல்லோரையும் கட்டுரையாளர் தள்ளிவிட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. மேனி மச்சாடோவும் நோலன் அரெனாடோவும் ஹால் ஆஃப் ஃபேம் இருக்கும் கூப்பர்ஸ்டவுனில் இருக்க வேண்டியவர்கள்தான்.

அவர்களைத் தள்ளுவதற்கு அவர் சொன்ன காரணங்கள்: 500 ஹோம் ரன் (கிரிக்கெட்டின் சிக்ஸர் போல எல்லையைத் தாண்டும் அடி) இல்லை, 3,000 ஹிட் (பந்தை அடித்து பேஸை எட்டுவது) இல்லை, எம்விபி (சீசனின் மிக மதிப்புமிக்க ஆட்டக்காரர்) விருது இல்லை. சரி, இந்த அளவுகோலையே வைத்துக்கொள்வோம். ரமிரெஸிடமும் இந்த மூன்றில் ஒன்றுகூட இல்லையே! 2023-இல் தேர்வான ஸ்காட் ரோலனிடமும் இல்லை. அவர் அடித்தது 316 ஹோம் ரன். ரான் சான்டோ 342. மூன்றாம் பேஸில் பெயர் வாங்கியவர்களில் 500-ஐத் தாண்டியவர்கள் என்றால் மைக் ஷ்மிட்டும் எடி மேத்யூஸும் மட்டும் நினைவுக்கு வருகிறார்கள். முதல் பேஸிலும் அவுட்ஃபீல்டிலும் நிற்பவர்களுக்கு உண்டான எண்களை இந்த இடத்தில் நிற்பவர்களிடம் எதிர்பார்ப்பதுதான் சிக்கலே.

மூன்றாம் பேஸ் எப்படிப்பட்ட இடம் என்பதைப் பேஸ்பால் பார்க்காத வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். வலது கை ஆட்டக்காரர் முழு பலத்தோடு இழுத்து அடிக்கும் பந்து நேராக அங்கேதான் வரும். கிரிக்கெட்டில் ஷார்ட் லெக்கில் நிற்பவரைப் போல யோசிக்கவே நேரம் கிடைக்காது. பந்தைப் பிடித்தால் மட்டும் போதாது, அங்கிருந்து முதல் பேஸுக்கு 127 அடி தூரம் எறிய வேண்டும், ஓடுபவர் வந்து சேர்வதற்குள். அடுத்த பந்தே பன்ட்டாக, அதாவது மெதுவாகத் தட்டிவிட்ட பந்தாக, உருண்டு வரலாம். அப்போது முன்னால் ஓடிவந்து வெறும் கையால் அள்ளி, ஓட்டத்திலேயே எறிய வேண்டும். இவ்வளவையும் செய்துகொண்டு பேட்டிங்கிலும் நடுவரிசையைத் தாங்க வேண்டும். ஆனால் ஓட்டுப் போடும் எழுத்தாளர்கள் ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸ்களுக்கு நடுவில் நிற்பவர்) என்றால் ஃபீல்டிங்கைப் பார்க்கிறார்கள், முதல் பேஸ் என்றால் பேட்டிங்கைப் பார்க்கிறார்கள். மூன்றாம் பேஸில் நிற்பவரை எதை வைத்தும் பெரிதாக நினைப்பதில்லை. ஹால் ஆஃப் ஃபேமில் ஆட்கள் மிகக் குறைவாக உள்ள இடங்களில் மூன்றாம் பேஸும் ஒன்றாக இருப்பது இதனால்தான்.

இதற்குப் பெரிய விலை கொடுத்தவர் சான்டோ. 18 வயதிலேயே சர்க்கரை நோய் வந்து, அதை வெளியே சொல்லாமல் மறைத்துக்கொண்டு சிகாகோ கப்ஸுக்காக ஆடியவர். 1964 முதல் 1968 வரை தொடர்ந்து 5 முறை, சிறந்த ஃபீல்டருக்கான கோல்ட் கிளவ் விருது வாங்கினார். 1980-இல் முதல் முறை ஓட்டுக்கு வந்தபோது அவருக்கு 5 சதவீதம்கூடக் கிடைக்காமல் பட்டியலிலிருந்தே விழுந்தார். பிறகு திரும்பச் சேர்த்தும் பாதி ஓட்டைக்கூட எட்டவில்லை. தேவையோ 75 சதவீதம். கடைசிக் காலத்தில் இரண்டு கால்களையும் இழந்தார். 2010 டிசம்பரில் இறந்தார். அடுத்த டிசம்பரில் ஒரு குழு கூடி அவரைத் தேர்ந்தெடுத்தது. ஒரு வருடம்! அந்த மனிதர் எவ்வளவு ஏங்கினார் என்று தெரிந்தவர்களால் இதை இன்றும் ஜீரணிக்க முடிவதில்லை. முதல் பேஸிலும் மூன்றாம் பேஸிலும் ஆடிய டிக் ஆலனுக்கும் இதுவே நடந்தது. ஒரு முறை ஒரே ஓட்டில் தவறவிட்டு, 2020-இல் இறந்து, இறந்த பிறகும் இன்னொரு முறை ஒரே ஓட்டில் தவறி, 2024-இல் தேர்வானார்.

இப்போது அரெனாடோவுக்கு வருகிறேன். கட்டுரையாளர் இவரை இரண்டே வரியில் முடித்துவிட்டார். 2013-இல் கொலராடோ ராக்கீஸ் அணிக்கு வந்தார். அந்த முதல் சீசனிலிருந்து 2022 வரை பத்து சீசனிலும் கோல்ட் கிளவ் அவருக்குத்தான். வந்த நாள் முதல் இப்படித் தொடர்ந்து பத்து வருடம் வாங்கிய இன்ஃபீல்டர் (பேஸ்களை ஒட்டி நிற்பவர்) வேறு யாரும் இல்லை. மூன்றாம் பேஸில் இவரை விட அதிகம் வாங்கியவர் 16 வாங்கிய புரூக்ஸ் ராபின்சன் ஒருவர்தான். பத்து வாங்கி இவரோடு சமமாக நிற்பவர் ஷ்மிட். 2015-இல் சான்ஃபிரான்சிஸ்கோவில் எல்லைக்கு வெளியே போன ஒரு உயரப் பந்தைத் துரத்திப் போய், சுருட்டி வைத்திருந்த தார்ப்பாய் மேல் பாய்ந்து, பார்வையாளர்கள் நடுவில் விழுந்து பிடித்தாரே, அந்தக் காட்சியைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

கொலராடோ அணியின் ஊரான டென்வரில் ஆடியதால் அவர் எண்கள் வீங்கியவை என்கிறார்கள். கடல் மட்டத்திலிருந்து ஒரு மைல் உயரம், காற்று மெல்லியது, பந்து தூரமாகப் பறக்கும். உண்மைதான், வெளியூரில் அவர் பேட்டிங் குறைவாகவே இருந்தது. ஆனால் 2021-இல் செயின்ட் லூயிஸுக்குப் போனதும் 34 ஹோம் ரன் அடித்தார். அடுத்த வருடம் 30 அடித்து எம்விபி ஓட்டெடுப்பில் மூன்றாவதாக வந்தார். அங்கே மலையும் இல்லை, மெல்லிய காற்றும் இல்லை. அதே கொலராடோவில் ஆடிய லாரி வாக்கரை 2020-இலும் டாட் ஹெல்டனை 2024-இலும் தேர்ந்தெடுத்தாயிற்று. அவர்களுக்குத் தடையாக இல்லாத மலை இவருக்கு மட்டும் ஏன் தடையாக வேண்டும்? தரையோடு சீறி வரும் பந்தைப் பிடிக்க உயரம் உதவாது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். கடைசி சில சீசன்களில் அவர் பேட் தளர்ந்துவிட்டது. 2025-இல் 12 ஹோம் ரன்தான். அதனால் முந்தைய பத்து வருடம் இல்லாமல் போய்விடுமா?

மச்சாடோவைப் பற்றி வாதாடவே தேவையிருக்கக் கூடாது. 20 வயதில் பால்டிமோருக்கு ஆட வந்தவர், 33-இல் 2,000 ஹிட்டைத் தொட்டுவிட்டார். கொரோனாவால் சுருங்கிய 2020-ஐ விட்டுவிட்டால், 2015-லிருந்து 2025 வரை ஒரு சீசனில்கூட 27 ஹோம் ரன்னுக்குக் கீழே போகவில்லை. சான் டியேகோவோடு அவருக்கு 2033 வரை ஒப்பந்தம் இருக்கிறது, எண்கள் இன்னும் கூடும். அவருக்கு எதிராகப் பேசுபவர்கள் நடத்தையைத்தான் காட்டுகிறார்கள். 2017-இல் அவர் பேஸுக்குச் சறுக்கி வந்ததில் எதிரணியின் டஸ்டின் பெட்ரோயாவின் முழங்காலில் அடிபட்டது. 2018 பிளேஆஃப்பில் முழு வேகத்தில் ஓடவில்லை. இரண்டும் எனக்கும் பிடிக்காதவைதான். ஆனால் ஊக்க மருந்து எடுத்தவர்களைப் பற்றி நாம் விவாதிக்கும் அதே பட்டியலில் வைக்கிற குற்றங்களா இவை?

ரமிரெஸ் பற்றி எனக்கும் கட்டுரையாளருக்கும் ஒரே கருத்து என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன். நான் வசிப்பது கிளீவ்லாந்தில், எங்கள் அணிக்கு ஆடும் இவர் எங்கள் ஊர்ப் பிள்ளை மாதிரி. டொமினிக்கன் குடியரசிலிருந்து 50,000 டாலருக்கு எடுக்கப்பட்ட குள்ளமான பையன், ஹோம் ரன்னிலும் பேஸ் திருடியதிலும் (ஸ்டீல், அதாவது யாரும் பந்தை அடிக்காமலே அடுத்த பேஸுக்கு ஓடிவிடுவது) இரண்டிலுமே 280-ஐத் தாண்டி நிற்கிறார். 2024-இல் 39 ஹோம் ரன், 41 ஸ்டீல். இரண்டிலும் 40-ஐத் தொட ஒரே ஒரு ஹோம் ரன் குறைவு, ஆனால் கடைசி ஆட்டம் மழையில் நடக்காமலே போனது. வேறு ஊருக்குப் போயிருந்தால் இன்னும் எவ்வளவோ பணம் பார்த்திருப்பார், போகவில்லை. அதற்காகவே இந்த ஊர் அவரைக் கொண்டாடுகிறது.

அடுத்த வரிசையில் கட்டுரையாளர் சொன்ன மேட் சாப்மன், அலெக்ஸ் பிரெக்மன், ஆஸ்டின் ரைலி பற்றி இப்போதே தீர்ப்புச் சொல்ல வேண்டியதில்லை. சாப்மனின் ஃபீல்டிங் அபாரம், ஆனால் பேட்டிங் போதவில்லை என்பது என் எண்ணம். ரஃபேல் டெவர்ஸ் 2025-இல் அந்த இடத்தையே விட்டுவிட்டார்.

எனக்கு உள்ள பயம் வேறு. அரெனாடோவும் மச்சாடோவும் ரமிரெஸும் கிட்டத்தட்ட ஒரே வயதுக்காரர்கள். ஓய்வு பெற்று ஐந்து வருடம் கழித்துத்தான் பெயர் ஓட்டுக்கு வரும். ஒரு எழுத்தாளர் பத்துப் பேருக்கு மேல் ஓட்டுப் போட முடியாது, 5 சதவீதம் கிடைக்காதவர் முதல் வருடத்திலேயே வெளியே. மூவரும் அடுத்தடுத்து வந்தால், எண்கள் குறைவாகத் தெரிகிற அரெனாடோவைத்தான் முதலில் விட்டுவிடுவார்கள். ரோலனுக்கே முதல் வருடம் 10.2 சதவீதம்தான் கிடைத்தது, 75-ஐத் தாண்ட ஆறு முறை ஆயிற்று.

கட்டுரையாளர் தொடர்ந்து எழுதுவதாக இருந்தால், ஹோம் ரன் கணக்கை ஓரமாக வைத்துவிட்டு அரெனாடோவின் ஃபீல்டிங்கை மட்டும் எடுத்து ஒரு கட்டுரை எழுதும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன். அதற்கு நீங்கள் பக்கம் ஒதுக்க வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகன்,
கிளீவ்லாந்து, ஓஹாயோ