செயலாளரின் ஆண்டறிக்கை, 2025–26

நம் கிளியரிங் ஏஜென்ட்கள் (துறைமுகச் சரக்கை விடுவித்துத் தருவோர்) சங்கத்தின் தலைவர், பொருளாளர், செயற்குழுவினர், உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

செயற்குழு இந்த ஆண்டு ஏழு முறை கூடியது. இரண்டு முறை கோரம், அதாவது கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, இல்லாமல் தள்ளிப்போனது. சுதந்திர தினக் கொடியேற்றம், ஆயுத பூஜை, கண் பரிசோதனை முகாம் வழக்கம்போல நடந்தன.

அப்புறம், சனிக்கிழமை வகுப்பு. கப்பல் ஆவணங்களில் பிளாக்செயின் (ஒரே பதிவேட்டின் நகலைப் பலர் கணினியில் வைத்திருக்கும் முறை) எப்படி வேலை செய்கிறது என்று சொல்லித்தரத் தீர்மானம் கொண்டுவந்தவன் நான்தான். "நமக்கு எதுக்கு சார் இதெல்லாம்?" என்று அன்று கேட்டார்கள். சிங்கப்பூரில் ஏற்றிய கன்டெய்னர் சில நாளில் சென்னைக்கு வந்துவிடுகிறது. சரக்கு யாருடையது என்று காட்டும் கப்பல் கம்பெனியின் சீட்டான ஒரிஜினல் பில் ஆஃப் லேடிங் வங்கி வங்கியாகச் சுற்றி, கூரியரில் பின்னால் வருகிறது. அது வராமல், சரக்கை எடுக்க அனுமதிக்கும் டெலிவரி ஆர்டர் கிடையாது. போன ஜூனில் நம் உறுப்பினர் ஒருவர் தம்புச் செட்டித் தெருவுக்கும் ராஜாஜி சாலைக்குமாக ஆறு நாள் நடந்தார். டிடென்ஷன், அதாவது கன்டெய்னரைத் தாமதமாகத் திருப்பித் தருவதற்கான கட்டணம், ஏறிக்கொண்டே போனது. சரக்குக்குச் சொந்தக்காரரான பார்ட்டியிடம் திட்டு வாங்கியதும் அவர்தான்.

முதல் வகுப்பில் நான்கு பேரிடம் நான்கு நோட்டுகளைக் கொடுத்தேன்: கப்பல் கம்பெனி, வங்கி, சுங்கத்துறை, இறக்குமதியாளர். எல்லோரும் ஒரே வரியை எழுதினார்கள். பிறகு ஒருவரை மட்டும் 20 டன்னை 22 என்று திருத்தச் சொன்னேன். மற்ற மூன்று நோட்டும் அவரைக் காட்டிக்கொடுத்துவிட்டன. பிளாக்செயினின் அடிப்படை இவ்வளவுதான். முதலிலேயே பொய்யை எழுதினால் அந்தப் பொய்யும் அழியாமல் நிற்கும் என்பதையும் சொன்னேன். பெட்டியைத் திறந்து பார்க்க ஆள் வேண்டும். நம் வேலை போய்விடாது.

கப்பல் கம்பெனியான மெர்ஸ்க்கும் ஐபிஎம்மும் 2018இல் தொடங்கிய ட்ரேட்லென்ஸ் என்ற பிளாக்செயின் தளம், 2023இல் மூடப்பட்டதை மூத்த உறுப்பினர் ஒருவர் எடுத்துச் சொன்னார். சரிதான். ஆனால் தளம் உருப்படியாகவே அமைந்தது, உலக அளவில் துறை முழுவதும் ஒத்துழைக்கவில்லை என்பதுதான் மூடியவர்கள் சொன்ன காரணம். எகிப்துக்குக் கடல்வழியாகப் போகும் சரக்குக்கு 2021 முதல் ஆவணங்களை பிளாக்செயின் வழியாக முன்கூட்டியே அனுப்பியாக வேண்டும். நம் உறுப்பினர்கள் இருவர் இதைத் தினமும் செய்கிறார்கள். மூன்றாம் வகுப்பை அவர்களே எடுத்தார்கள். பெரிய கன்டெய்னர் கப்பல் கம்பெனிகள் 2030க்குள் பில் ஆஃப் லேடிங்கை முழுக்க மின்னணுவாக்குவதாக உறுதி கொடுத்திருக்கின்றன. நமக்கு அவகாசம் அதிகம் இல்லை.

முதல் வகுப்புக்கு 23 பேர் வந்தார்கள். ஐந்தாவதுக்கு நான்கு பேர். புரொஜெக்டர் வாடகையை என் கையிலிருந்து கொடுத்தேன், திருப்பிக் கேட்கவில்லை. ஆனால் 31 பேர் சந்தா பாக்கி, சிலருக்கு இரண்டு வருடத்துப் பாக்கி. பெயர்களை இங்கே படிக்கவில்லை.

வரவு செலவைப் பொருளாளர் வைப்பார். ஏறக்குறைய சரிக்குச் சரியாக இருக்கிறது. கையிருப்பு சென்ற ஆண்டைவிடக் கொஞ்சம் குறைவு.

மாடியைத் தந்த உறுப்பினருக்கும், தேநீர் செலவை ஏற்றவருக்கும், தணிக்கையாளருக்கும் நன்றி.

அடுத்த ஆண்டுக்கு வேறு ஒருவர் செயலாளராக முன்வந்தால் நோட்டுகளோடு ஒப்படைக்கிறேன். நானே தொடர வேண்டுமென்றால், ஒவ்வொரு அலுவலகத்திலிருந்தும் ஓர் இளைஞரையாவது வகுப்புக்கு அனுப்புங்கள். ஜூன் மாதத்தின் முதல் சனிக்கிழமை, மாலை 6 மணி, அதே மாடி. சந்தா ரசீதுப் புத்தகமும் அங்கேயே இருக்கும்.

செயலாளர்