பழைய லேப்டாப்பைக் கொடுக்கும் முன் ஒருமுறை திறந்து பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கும்பகோணத்தில் வீட்டிலேயே பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ பிள்ளைகளுக்குக் கணக்கு டியூஷன் எடுக்கிறேன். பண்டிகை நெருங்கினால் பேப்பரைப் பிரித்ததுமே பழைய லேப்டாப்பைக் கொடுத்துப் புதியதை எடுத்துப் போகச் சொல்லும் விளம்பரம்தான் கண்ணில் படுகிறது. அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டு என் லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு கடைப்படி ஏறியவள் நான். அங்கே நடந்ததையும் அதற்கப்புறம் நான் தெரிந்துகொண்டதையும் மற்ற வாசகர்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

2016-இல் சீட்டு எடுத்த பணத்தில் 38,000 ரூபாய்க்கு வாங்கியது. ஆறாம் தலைமுறை ஐ5, 4 ஜிபி ராம், ஒரு டெராபைட் ஹார்டு டிஸ்க். இத்தனை வருடக் கேள்வித்தாளும் அதில் அடித்ததுதான். நான் தமிழ்99 என்கிற விசைப்பலகை முறையில் அடிப்பவள், அதனால் அகரம் இருக்கும் ஏ கீயும் ககரம் இருக்கும் ஹெச் கீயும் மேலே எழுத்தே தெரியாத அளவுக்குத் தேய்ந்துவிட்டன. கடைசி ஒரு வருடம் ரொம்ப மோசம். ஆன் செய்துவிட்டுப் போய் பால் காய்ச்சி காபி கலந்து எடுத்து வந்தாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும், டச்பேடை அழுத்தினால் சில நேரம் வேலை செய்யும், சில நேரம் செய்யாது.

கடையில் இருந்தவர் திறந்துகூடப் பார்க்கவில்லை. “டீச்சர், விண்டோஸ் 10-ஏ நின்னு போச்சு, இதுல 11 ஏறாது, 2,500 தர்றேன், புதுசு 45,000-க்கு எடுத்துக்குங்க” என்றார். அவர் சொன்னதில் பாதி உண்மை. 2025 அக்டோபர் 14-உடன் விண்டோஸ் 10-க்கு வழக்கமாக வந்துகொண்டிருந்த பாதுகாப்பு அப்டேட் நின்றுவிட்டது. விண்டோஸ் 11-க்கு இன்டெல் என்றால் பொதுவாக எட்டாம் தலைமுறை பிராசஸராவது வேண்டும், டிபிஎம் 2.0 என்கிற பாதுகாப்புச் சிப்பும் வேண்டும், என்னுடையதில் முறைப்படி ஏறாது. ஆனால் வீட்டில் பயன்படுத்துகிறவர்கள் பதிவு செய்துகொண்டால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும், மைக்ரோசாஃப்ட் கணக்கில் செட்டிங்ஸை பேக்கப் செய்தால் அதற்குப் பணம்கூடக் கட்ட வேண்டாம். இதை அந்தக் கடையில் யாரும் எனக்குச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எத்தனையோ பேர் அவசரப்படாமல் ஒரு வருடம் நிதானமாக யோசித்திருப்பார்கள்.

அவர் அந்த 2,500-ஐ எண்ணி நீட்டும்போதுதான் எனக்குப் பகீரென்றது. பிள்ளைகளின் மதிப்பெண் சான்றிதழ், ஆதார் நகல், எங்கள் பேங்க் பாஸ்புக் எல்லாம் ஸ்கேன் செய்து அதிலேயே கிடக்கிறதே! அழித்துவிட்டுத் தரலாமா என்று கேட்டேன். “டெலீட் பண்ணிட்டாப் போதும்” என்றார். போதாது. டெலீட் செய்த பைலை மீட்டெடுக்க இலவச மென்பொருளே இருக்கிறது, ஹார்டு டிஸ்க் என்றால் பழைய தகவல்மேல் வேறு எதையாவது முழுவதும் மேலெழுதி அழிக்க வேண்டும். விற்பதாக இருந்தாலும் டிஸ்க்கைக் கழற்றி வைத்துக்கொண்டு மற்றதை மட்டும் விற்பதுதான் என்னைப் பொறுத்தவரை நல்லது.

திருப்பி எடுத்து வந்துவிட்டேன். என்னிடம் படித்த பையன் ஒருவன் சர்வீஸ் வேலை பார்க்கிறான், ஞாயிற்றுக்கிழமை வந்து எங்கள் கூடத்திலேயே பாய் விரித்துப் பின்மூடியைக் கழற்றினான். ஃபேன் வாயில் தூசி ஒரு பஞ்சுப் பட்டைபோல் படிந்து காற்று வெளியேறும் வழியையே அடைத்திருந்தது, அவன் பிரஷ்ஷால் நெம்பியபோது துண்டாகவே கழன்று வந்தது. அதைவிடப் பயந்தது பேட்டரியைப் பார்த்துத்தான். தலையணை மாதிரி உப்பியிருந்தது. அது கீழேயிருந்து தள்ளியதால்தான் டச்பேட் மேலே எழும்பி வேலை செய்யாமல் இருந்திருக்கிறது, நான் டச்பேட் கெட்டுவிட்டது என்று நினைத்து மாதக்கணக்கில் அதன்மேல் கையை வைத்து அழுத்திக்கொண்டிருந்தேன். அந்த மாதிரி உப்பிய லித்தியம் பேட்டரியை அழுத்தவோ குத்தவோ கூடாது, தீப்பிடிக்கும் என்றான். உங்கள் லேப்டாப்பின் டச்பேட் மேடு தட்டினாலோ அடிப்பக்கம் மேசையில் சமமாக உட்காரவில்லை என்றாலோ தயவுசெய்து சார்ஜ் போடுவதை நிறுத்திவிட்டு அன்றைக்கே யாரிடமாவது காட்டுங்கள்.

புது பேட்டரி 2,200, 256 ஜிபி எஸ்எஸ்டி 1,900, கூடுதலாகப் போட யாரோ பயன்படுத்திய ராம் ஒன்று 1,300. ஆக 5,400 ரூபாய். சுற்றும் தட்டும் அதன்மேல் நகரும் ஊசியுமாக இருந்த ஹார்டு டிஸ்க்கின் இடத்தில் அசைவே இல்லாத எஸ்எஸ்டி வந்ததும் அரை நிமிடத்திற்குள் திரை வந்துவிடுகிறது. விண்டோஸை எடுத்துவிட்டு, அதற்குப் பதிலாக இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் மின்ட் என்கிற இயங்குதளத்தைப் போட்டுக்கொண்டேன். அதிலும் தமிழ்99 இருக்கிறது, கேள்வித்தாளுக்கு லிப்ரே ஆபீஸ் போதும். கல்வித் தொலைக்காட்சி வீடியோக்கள் தடையில்லாமல் ஓடுகின்றன.

எல்லோருக்கும் இது ஒத்துவரும் என்று நான் சொல்லமாட்டேன். ஃபோட்டோஷாப்பில் பிழைப்பு நடத்துகிறவர்களுக்கு லினக்ஸ் சரிப்படாது. ராமை போர்டிலேயே பற்றவைத்துவிட்ட மெல்லிய மாடல்களில் ராம் கூட்டவும் வழியில்லை. பக்கத்து வீட்டுப் பையன் சிவில் இன்ஜினியரிங் சேர்ந்தபோது அவன் அம்மா என்னிடம் யோசனை கேட்டார்கள், கீல் உடைந்து போர்டும் போயிருந்த அந்த லேப்டாப்புக்குச் செலவழிக்காதீர்கள், புதியதே வாங்குங்கள் என்று நானேதான் சொன்னேன். இந்த லேப்டாப்பை வைத்து என்ன வேலை நடக்க வேண்டும், அது இதில் நடக்குமா, நடக்க வைக்க எவ்வளவு ஆகும், இவ்வளவுதான் கணக்கு. வாங்கி எத்தனை வருடம் ஆச்சு என்ற கேள்வியை மட்டும் வைத்துக்கொண்டு முடிவு எடுக்கிறார்கள் பாருங்கள், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

2011 முதல் பல வருடங்கள் அரசு கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளை நினைத்தாலும் மனசு ஆறவில்லை. எங்கள் தெருவிலேயே நாலைந்து பரண்மேல் கிடக்கின்றன. முதலில் வந்தவற்றில் விண்டோஸுடன், மத்திய அரசின் கணினி ஆய்வு நிறுவனமான சி-டாக்கின் சென்னை மையத்தில் உருவான பாஸ் லினக்ஸ் என்கிற இயங்குதளமும் இருந்தது, அதை என்னவென்று சொல்லித்தர ஆளில்லாமல் பிள்ளைகள் அழித்துவிட்டார்கள். இன்றைக்கும் அவற்றில் பலவற்றில் இலகுவான ஒரு லினக்ஸைப் போட்டுத் தட்டச்சுப் பழகலாம். கிளை நூலகங்களில் மாதம் ஒரு ஞாயிறு, தெரிந்த பிள்ளைகளை உட்கார வைத்து, மக்கள் கொண்டுவரும் கணினிகளைத் திறந்து பார்த்துச் சொல்ல ஏற்பாடு செய்ய முடியாதா? நூலகத் துறையின் பார்வைக்கு உங்கள் நாளிதழ் இதைக் கொண்டுசெல்ல வேண்டும்.

இன்னொன்றும் கேட்டுக்கொள்கிறேன். மின்னணுக் கழிவுக்குத் தயாரிப்பாளரே பொறுப்பு என்கிற புதிய விதிகள் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கின்றன. ஆனால் எங்கள் ஊரில் அதைக் கொண்டுபோய்க் கொடுக்கும் இடம் எது என்று நான் விசாரித்த யாருக்கும் தெரியவில்லை. குப்பை வண்டியில் போட்டால் அதை அள்ளுகிறவருக்கு ஆபத்து. உப்பிய அந்தப் பேட்டரி கொல்லைப்புறத்தில் ஒரு தகர டப்பாவில் மணலுக்குள் இன்னும் இருக்கிறது. எங்கே ஒப்படைக்க வேண்டும் என்று ஊர்வாரியாக ஒரு பட்டியல் வெளியிடுங்கள் ஐயா, மறுநாளே கொண்டுபோய்க் கொடுத்துவிடுகிறேன்.

இப்படிக்கு,
டியூஷன் ஆசிரியை ஒருவர்,
கும்பகோணம்.