டைப் 1 சுகர் (டயாபடீஸ்) இருக்குற பசங்கள பாக்குற டாக்டர்களுக்கு

வணக்கம் டாக்டர். எங்க வீட்லயும் டைப் 1 இருக்குற டீன்ஏஜ் புள்ள ஒண்ணு இருக்கு, அதான் எழுதுறேன். நாங்க வந்து உக்காந்ததும் நீங்க கையில எடுக்குறது ஹெச்பிஏ1சி ரிப்போர்ட். ஒம்போதுன்னு இருந்தா "ஏன் இப்படி?"ன்னு கேப்பீங்க, அதோட புள்ள வாய மூடிக்கும், அப்புறம் எதக் கேட்டாலும் "ம்"தான். ரெண்டு மூணு மாசத்து சராசரி சுகர் அது, பரீட்சை மார்க் இல்லையே.

பருவ வயசுல வளர்ச்சி ஹார்மோன் ஏறுறதால இன்சுலின் சரியா வேலை செய்யாதுன்னு எங்கள விட உங்களுக்குத்தான் நல்லா தெரியும். அத புள்ளகிட்ட ஒரு தடவ சொல்லிப்பாருங்க, பாதி குற்ற உணர்ச்சி அங்கயே இறங்கிரும்.

சாப்பாட்டுக்கு முன்னாடி கார்ப் (மாவுச்சத்து) கணக்கு, ஊசி, நடுராத்திரி சுகர் சென்சார் அலாரம், ஒரு நாள் கூட லீவு கிடையாது. இந்த சலிப்புக்கு டயாபடீஸ் டிஸ்ட்ரெஸ்னு தனி பேரே இருக்கு, டிப்ரஷன்ங்கிறது வேற விஷயம், சில பசங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும். ஸ்கூல்ல சுகர் லோ ஆயிருமோன்னு பயந்து அத வேணும்னே ஏத்தி வச்சுக்குற பசங்க இருக்காங்க. எடை குறையணும்னு இன்சுலினையே போடாம விடுறவங்களும் இருக்காங்க, கேட்டா மறந்துட்டேன்னுதான் சொல்லுவாங்க. திரும்பத் திரும்ப டிகேஏ (இன்சுலின் பத்தாம ரத்தத்துல அமிலம் ஏறுறது) ஆகி அட்மிட் ஆகுற புள்ளைய திட்டி, டோஸ் மட்டும் கூட்டி அனுப்புனா எப்படி?

1922ல முதல் இன்சுலின் ஊசி போட்டதே லெனார்ட் தாம்சன்ங்கிற 14 வயசு பையனுக்குத்தான். நூறு வருஷம் தாண்டியாச்சு, இன்னும் அந்த வயசு புள்ளைங்க மனச பத்தி கேக்க விசிட்ல டைம் இல்லைங்கிறோம்.

அமெரிக்கன் டயாபடீஸ் அசோசியேஷன் வழிகாட்டுதல்லயே 12 வயசுல இருந்து புள்ளைகிட்ட தனியா பேச நேரம் ஒதுக்குங்கன்னு இருக்கு. எங்கள வெளில உக்கார சொல்லுங்க டாக்டர். மூஞ்சிய தூக்குவோம், கண்டுக்காதீங்க. இந்த வியாதில எது ரொம்ப கஷ்டமா இருக்குன்னு முதல்ல கேளுங்க. சாகணும்னு தோணுதான்னும் நேராவே கேளுங்க, கேக்குறதால அந்த எண்ணம் புதுசா வந்துராது, ஆனா இன்சுலினே ஆபத்தா மாறக்கூடிய வீடு எங்களோடது, அதனால கேக்காம விடக்கூடாது.

அப்புறம், கவுன்சிலிங் போங்கன்னு போற போக்குல சொன்னா எங்கள மாதிரி ஆளுங்க போக மாட்டோம், அதுதான் நிஜம். யார பாக்கணும், என்னைக்கு, எத்தன மணிக்குன்னு ப்ரிஸ்கிரிப்ஷன்லயே இன்சுலின் டோஸுக்கு கீழ எழுதிக் குடுங்க.